மொந்தல்பானோவின் ஊரிலே ஒரு தட்டுப் பாஸ்தா

இத்தாலி தேசத்தின் வரைபடத்தை நோக்குவார்க்கு அது ஒரு நெடிய சப்பாத்தைப் போலத் தோன்றும். அச்சப்பாத்தின் நுனியிலே, உதைபடக் காத்திருக்கும் பந்தைப் போலக் கிடப்பது சிசிலித் தீவு. பரப்பிலே அது நம் இலங்கையின் ஐந்தில் இரண்டு பங்கு அளவினது. மத்தியதரைக் கடலின் நடுவிலே அமைந்தமையால் அதனை ஆண்டோர் பலர். கிரேக்கர் வந்தனர், உரோமர் வந்தனர், அராபியரும் நோர்மானியரும் ஸ்பானியரும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஆண்டவர்கள் மறைந்தார்கள். அவர்கள் கொணர்ந்த காயும் தானியமும் அத்தீவின் அடுக்களையிலே நிலைத்துவிட்டன. ஆகவே ஒரு நாட்டின் வரலாற்றை அதன் அரண்மனைகளிலே தேடுவது போலவே அடுக்களையிலும் தேடலாம்.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே சிசிலியிற் சில வாரங்கள் தங்கியிருந்த எனக்கு வாய்த்தது இந்த அடுக்களை வழியே. அதற்கு எனக்கு வழிகாட்டியவர் ஒரு பொலிஸ் அதிகாரி. அவர் ஊனும் உயிரும் உள்ள மனிதரல்லர். ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகர்.

பலேர்மோவில் எம்மவர்

சிசிலியின் தலைநகர் பலேர்மோ. 1980 களிலிருந்து நம் நாட்டுத் தமிழர் பலர் அங்கே குடியேறி வாழ்கின்றனர். நகரை அடுத்துப் பெல்லெகிரீனோ என்னும் மலை ஒன்று உண்டு. அம்மலைக் குகையிலே புனித ரொசாலியாவின் திருத்தலம் இருக்கிறது. பலேர்மோ மக்களின் காவற்புனிதையாகிய அவ்வம்மையைத் தரிசிக்கக் கத்தோலிக்கர் மாத்திரமன்றி, நம் சைவத் தமிழரும் மலையேறுகின்றனர். கதிர்காம யாத்திரை செய்து பழகிய கால்களுக்கு அவ்வேற்றம் பெரிதன்று.

என் தமையனார் குடும்பமும் அந்நகரிலே தான் வாழ்கிறது. அவர் மகள், என் பெறாமகள், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் சென்றபோது பதினேழு வயது நிரம்பியிருந்தாள். தமிழைத் தமிழாகவே பேசுவாள். ஆனால் அதன் இசை மாத்திரம் இத்தாலிய இசை. அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது உடல் வளர்ச்சி குன்றிற்று. இரத்தச் சோகை கண்டது. உண்டதெல்லாம் வயிற்றுநோவாய் முடிந்தது. இரத்தப் பரிசோதனையும் குடற் பரிசோதனையும் செய்த வைத்தியர்கள், இது சீலியாக் நோய் என்றனர். அன்று தொடக்கம் கோதுமை அவளுக்கு விலக்காயிற்று. பாஸ்தாவையும் பாணையும் இருகண்ணெனப் போற்றும் நாட்டிலே பிறந்த பிள்ளைக்கு வந்த சோதனை இது!

கோதுமையிலே என்ன குற்றம்?

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலே குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. மாவைக் குழைக்கும்போது இழுத்தால் நீள்வதும், விட்டால் சுருங்குவதுமாகிய தன்மையை அதற்குக் கொடுப்பது இப்புரதமே. சீலியாக் நோயுடையோரின் உடல் இதனை உட்பகையாகக் கருதிவிடுகிறது. நம்மைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே சிறுகுடலின் சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மழுங்குகின்றன. பிள்ளை வயிறார உண்டாலும் சத்து உடலிற் சேர்வதில்லை. உலக மக்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடத்தே இந்நோய் உண்டு என்பர். குளூட்டனை முற்றாக விலக்கி உண்பதே இதற்கு மருந்து.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு மாணவர் அறியத்தக்கது. நெதர்லாந்திலே குழந்தை வைத்தியராக இருந்த வில்லம் டிக்கே என்பவர், இந்நோய்க்குக் கோதுமை காரணமாகலாம் என 1930 களிலேயே ஐயுற்றார். இரண்டாம் உலகப் போரின் இறுதியிலே, 1944–45 மாரிகாலத்தில், அந்நாட்டிற் கொடும் பஞ்சம் நிலவியது. பாண் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பசியால் வாடிய அக்காலத்திலே இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. டிக்கே தம் ஆய்வேட்டை 1950 இல் வெளியிட்டார். பஞ்சம் பல்லாயிரவர்க்குக் கூற்றாக வந்தது. அதனிடமிருந்தும் ஒரு வைத்தியர் பாடம் கற்றார்.

இரண்டு பானைகள்

தமையனார் வீட்டு அடுக்களையிலே இரண்டு பானைகள் இருந்தன. பெரிய பானை குடும்பத்துக்கு. சிறிய பானை பிள்ளைக்கு. அவளுக்குத் தனி வடிதட்டு, தனி மர அகப்பை. கோதுமைப் பாஸ்தா அவிந்த நீரின் ஒரு துளி பட்டாலும், பாண் துணிக்கை ஒன்று கலந்தாலும் அவள் குடலுக்கு ஊறு நேரலாம். ஆகையால் இவ்வேற்பாடு மருத்துவ நெறிப்படி முற்றிலும் சரியானது. ஆயினும் தனிப் பானை, தனிப் பாத்திரம் என்னும் சொற்கள் நம்மவர் செவியிலே எப்படி ஒலிக்கும் என்பதை நான் விளக்கவேண்டுவதில்லை. சமபந்தி போசனத்துக்காகப் போராடிய மண்ணன்றோ நம்முடையது? இங்கே நோக்கம் வேறு, அன்பினாற் செய்யப்பட்டது. எனினும் ஒன்பது வயதுக் குழந்தை நோக்கத்தையா ஆராயும்? தன் பானை வேறு என்பதையே அது காணும்.

திங்கட்கிழமை இரவுகளில் அக்குடும்பம் தொலைக்காட்சியின் முன் கூடுவது வழக்கம். “கொமிசாரியோ மொந்தல்பானோ” என்னும் துப்பறியும் தொடரின் கதைகளை அவர்கள் பன்முறை பார்த்தவர்கள். பெறாமகளுக்கோ அவை மனப்பாடம். கொலையாளி யார் என்பதைப் பார்க்கிலும், நாயகர் உண்ணும் காட்சிகளையே அவள் ஆவலோடு நோக்குவாள். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“சித்தப்பா, மொந்தல்பானோ சாப்பிடும்போது அவரோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. அது எனக்கு நல்ல விருப்பம்” என்றாள்.

“அதிலே என்ன விருப்பம் பிள்ளை?”

“மேசையில் இருந்தால் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். ‘உனக்கு இது ஆகுமோ?’ அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.”

அவ்வார்த்தை என் மனத்திலே தைத்தது. மறுவாரம் மொந்தல்பானோவின் ஊரைப் பார்க்கப் புறப்படலாம் என்று தமையனார் கூறியபோது, எல்லோருக்கும் முன்னதாக ஆயத்தமானவள் அவளே.

கதையும் களமும்

மொந்தல்பானோவைப் படைத்தவர் அந்திரேயா கமில்லெரி. 1925 இல் சிசிலியின் தென்கரையிலுள்ள போர்த்தோ எம்பேதொக்கிளே என்னும் துறைமுகப் பட்டினத்திலே பிறந்தவர். நாடகத் துறையிலும் வானொலி, தொலைக்காட்சித் துறைகளிலும் நெடுங்காலம் உழைத்து, முதுமை எய்தும் பருவத்திலே இவ்வரிசையின் முதல் நாவலை எழுதினார். அது வெளிவந்தது 1994 இல். உணவுப் பிரியனான துப்பறிவாளன் ஒருவனைப் படைத்த ஸ்பானிய எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பானைச் சிறப்பிக்கும் பொருட்டே தம் நாயகனுக்கு அப்பெயரைச் சூட்டினார். 2019 இல் கமில்லெரி காலமானார். இத்தாலிய அரச தொலைக்காட்சியாகிய றாய், 1999 இலே தொடங்கி 2021 வரை 37 கதைகளைப் படமாக்கி ஒளிபரப்பிற்று. நாயகராக நடித்த லூக்கா சிங்கரெத்தி, உரோம நகரின் நாடகக் கல்லூரியிலே கமில்லெரியிடம் பயின்ற மாணவர். ஆசிரியரின் கற்பனைக்கு மாணாக்கர் உருக்கொடுத்தார் என்பதறிந்து, ஆசிரியத் தொழிலிலுள்ள எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கதை நிகழும் விகாட்டா என்னும் ஊர் கற்பனையூர். அதற்கு ஆசிரியர் மனத்திலிருந்த முன்மாதிரி அவர் பிறந்த பட்டினமே. ஆனால் படம் பிடித்தோர் தீவின் தென்கிழக்கே உள்ள ரகூசா மாகாணத்தைத் தெரிந்துகொண்டனர். அங்கேதான் நாங்கள் சென்றோம்.

பலேர்மோவிலிருந்து தீவைக் குறுக்கறுத்துச் செல்லும் அப்பயணம் நாலு மணி நேரத்துக்கு மேற்பட்டது. வழியெங்கும் அறுவடை முடிந்த கோதுமை வயல்கள். தாள்கள் வெயிலிலே பொன்னிறமாக மின்னின. உரோமருக்குத் தானியக் களஞ்சியமாய் விளங்கிய நிலம் இது. நடுவழியிலே குன்றின்மீது என்னா என்னும் நகர் தோன்றும். அதன் அருகிலுள்ள பெர்குசா ஏரிக்கரையிலேதான், தானியத்துக்குத் தெய்வமாகிய தெமேத்தரின் மகளைப் பாதாள வேந்தன் கவர்ந்து சென்றான் என்பது கிரேக்க புராணம். மகளை இழந்த தாய் துயருற, பயிர்கள் விளைவொழிந்தனவாம். அக்கதையைத் தமையனார் சொல்லிவரக் கேட்ட பெறாமகள், யன்னலுக்கு அப்பாற் பரந்து கிடந்த வயல்களைப் பார்த்தவாறு, “இவ்வளவும் எனக்கு ஆகாதது” என்று சிரித்தாள். அண்ணி அவள் தலையை வருடினார்.

இவ்வயல்களின் வரலாறு பாஸ்தாவின் வரலாறும் ஆகும். பலேர்மோவிலிருந்து ஆண்ட நோர்மானிய மன்னன் இரண்டாம் ரொஜரின் அவையிலே அல் இத்ரீசி என்னும் அராபியப் புவியியலறிஞர் இருந்தார். 1154 இல் நிறைவுற்ற தம் நூலிலே, பலேர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியா என்னும் ஊரிலே மாவினால் இத்ரியா என்னும் இழையுணவு பெருவாரியாகச் செய்யப்பட்டுக் கப்பல்களில் ஏற்றப்படுகிறது என்று குறித்துள்ளார். மார்க்கோ போலோ பிறப்பதற்கு நூறாண்டு முன்னரே எழுதப்பட்ட செய்தி இது. அவர் சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொணர்ந்தார் என்னும் கதை பொய்யென்பதற்கு இஃதொன்றே போதும்.

இருகூறான நகரம்

ரகூசாவை நெருங்கும்போது நிலத்தின் முகம் மாறுகிறது. வெண்சுண்ணக்கல் நிலம், சாந்தின்றி அடுக்கப்பட்ட கல்வேலிகள், அவற்றிடையே கரோப் மரங்கள். நெடுந்தீவின் கல்வேலிகளைக் கண்டவர்க்கு அக்காட்சி ஊர் நினைவை எழுப்பும்.

1693 ஆம் ஆண்டு சனவரி 11 ஆம் நாள் நேர்ந்த பூகம்பம் இப்பிரதேசத்து ஊர்களைத் தரைமட்டமாக்கிற்று. ரகூசா மக்களுள் ஒரு சாரார் மேட்டு நிலத்திலே புதுநகர் அமைத்தனர். மற்றொரு சாரார் பழைய இடத்தைவிட்டு அகல மறுத்து, இடிபாடுகளின் மேலேயே மீண்டும் கட்டினர். அதுவே ரகூசா இப்லா. ஒருகாலத்திலே தனித்தனி நகரசபைகளாகவும் இருந்த இவ்விரண்டும் 1926 இல் ஒரே நகராயின. பூகம்பத்தின்பின் எழுந்த கட்டடக்கலையின் சிறப்பு நோக்கி, ரகூசா, மோதிக்கா, ஷிக்லி உள்ளிட்ட எட்டு ஊர்களை 2002 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது.

மேல்நகரிலிருந்து இப்லாவுக்குப் படிகளின் வழியே இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும், “இது இன்ன கதையில் வந்தது” என்று பெறாமகள் சுட்டிக்காட்டினாள். புனித ஜோர்ஜ் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தை அடைந்ததும் எனக்கே அது பழகிய இடம்போலத் தோன்றியது. ஷிக்லி ஊரிலே நகரசபைக் கட்டடமே தொடரில் மொந்தல்பானோவின் பொலிஸ் நிலையம். பூந்தா செக்கா என்னும் மீனவக் குடியிருப்பிலே, வெளிச்ச வீட்டுக்கு அண்மையிற் கடலைப் பார்த்து நிற்கும் வீடே அவர் இல்லம். விடியற்காலையில் அவ்வீட்டின் முன் உள்ள கடலிலே அவர் நீந்துவார். இரவு வீடு திரும்பினால், வேலைக்காரி அதெலீனா சமைத்து வைத்துச் சென்ற உணவை எடுத்துக்கொண்டு, கடலை நோக்கித் தனியே அமர்ந்து உண்பார். நாங்கள் சென்றபோது அவ்வீடு பயணிகள் தங்கும் விடுதியாக மாறியிருந்தது. இல்லாத ஒருவரின் வாசலிலே நின்று படமெடுத்துக்கொள்ளப் பல நாட்டாரும் வரிசையாகக் காத்திருந்தனர். கற்பனைக்கு உள்ள வலிமை அத்தகையது.

அதெலீனாவின் கைவண்ணத்திலே மொந்தல்பானோ பெரிதும் விரும்புவது ’ன்கஷாத்தா என்னும் பாஸ்தா. கத்தரிக்காய், இறைச்சி, பாற்கட்டி முதலியவற்றை அடுக்கிச் சூளையிலே வேகவைப்பது. அதனைச் செய்ய நாள் வேண்டும், பொறுமை வேண்டும். அதற்கு எளிய தங்கை ஒருத்தி உண்டு. மரக்கறி உணவினர்க்கும் ஏற்றவள். அவள் பெயர் நோர்மா.

நோர்மாவின் கதை

நோர்மாப் பாஸ்தா கத்தானியா நகருக்கு உரியது. அந்நகரிற் பிறந்த இசையமைப்பாளர் வின்சென்சோ பெல்லீனியின் “நோர்மா” என்னும் இசைநாடகம் 1831 இல் மிலான் நகரில் அரங்கேறியது. கத்தானிய நாடகாசிரியர் நீனோ மர்த்தோலியோ இவ்வுணவைச் சுவைத்துவிட்டு, “இது ஒரு நோர்மா!” என்று வியந்தாராம், அதனால் அப்பெயர் நிலைத்தது என்று ஒரு கதை வழங்குகிறது. பொய்யோ மெய்யோ, ஊரார் தம் கத்தரிக்காயைத் தம் இசைப்புலவனுக்கு நிகராக மதித்தனர் என்பது மெய்.

அத்தட்டிலே உள்ளவை சிலவே. தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. கத்தரிக்காயோ நம் ஆசியக் கண்டத்திலே தோன்றி, அராபியர் கைவழியாகச் சிசிலியை அடைந்தது. மணத்துக்கு இடும் இலை நம் திருநீற்றுப்பச்சை, துளசிக்கு உடன்பிறப்பு. மேலே தூவும் உப்பிட்ட ரிகோத்தாப் பாற்கட்டி மாத்திரமே முற்றிலும் அவ்வூர்ச் சரக்கு. ஆகவே அத்தட்டை நோக்கிய எனக்கு அந்நியம் எதுவும் தோன்றவில்லை.

இப்லாவின் சந்தொன்றிலே சிறிய உணவுச்சாலை ஒன்று. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரே சமைத்தும் பரிமாறியும் வந்தார். தமையனார் மகளின் நிலையை எடுத்துரைத்தார். அம்மையாருக்கு அது புதிய செய்தியன்று. சோளமாவும் அரிசிமாவும் கலந்த பாஸ்தாப் பொதி தம்மிடம் உண்டு என்றார். பின்னர் எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “என் அடுப்பு சிறியது. இரண்டு பானை வைத்தால் ஒருவர் உண்ண மற்றவர் பார்த்திருக்க நேரும். பிள்ளையின் பாஸ்தாவையே எல்லோருக்கும் சமைக்கட்டுமா?” என்று வினவினார். அண்ணி ஒரு கணம் வாய் பேசாதிருந்தார். பின்பு தலையசைத்தார்.

நான்கு தட்டுகள் ஒருங்கே வந்தன. நான்கிலும் ஒரே உணவு. நாங்கள் மொந்தல்பானோவின் விதிப்படி பேசாமல் உண்டோம். எவரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பாதித் தட்டு முடிந்தபின் அவளே அம்மௌனத்தைக் கலைத்தாள். தன் தந்தையைப் பார்த்து, வெகு கவலையோடு வினவுவாள்போல, “அப்பா, உங்களுக்கு இது ஆகுமோ?” என்றாள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டு அம்மையார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பலேர்மோ திரும்பிய பின்வந்த திங்கட்கிழமை, அண்ணி பெரிய பானையையும் வடிதட்டையும் அகப்பையையும் புதிதாக வாங்கினார். குளூட்டன் அற்ற பாஸ்தாவே அன்று எல்லோருக்கும் வெந்தது. மொந்தல்பானோவின் பழைய கதையொன்று ஓடிற்று. கொலையாளி யாரென்பது எல்லோருக்கும் முன்னரே தெரியும். ஆயினும் அவ்வீட்டிலே அத்துணை இன்பமாகக் கழிந்த இரவை நான் வேறு கண்டிலேன்.

செய்முறை

இதனைச் செய்யும் முறையை வாசகர் பொருட்டு இங்கே தருகின்றேன். நால்வர்க்கு 400 கிராம் குளூட்டன் அற்ற பாஸ்தா, நடுத்தரக் கத்தரிக்காய் இரண்டு, நன்கு பழுத்த தக்காளி 700 கிராம், உள்ளிப் பல்லு இரண்டு, ஒலிவ எண்ணெய், ஒரு பிடி திருநீற்றுப்பச்சை இலை ஆகியன போதும்.

கத்தரிக்காயை விரற்கடை அளவு துண்டுகளாக அரிந்து, உப்புத் தூவி அரைமணி நேரம் வைத்தால் அதன் நீர் கழியும். பின்னர் துடைத்து, தாச்சியிலே எண்ணெய் விட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கவேண்டும். வேறொரு பாத்திரத்திலே உள்ளியைச் சிறிது எண்ணெயில் வாட்டி, தோல் நீக்கிய தக்காளியைச் சேர்த்து, அது குழைந்து தடிக்கும்வரை மெல்லிய நெருப்பிலே வைக்கவேண்டும். இலையைக் கடைசியிலே கிள்ளி இடுக. உப்பிட்ட ரிகோத்தா கிடைப்பின் துருவித் தூவலாம். கிடையாவிடத்து வேறு கடின பாற்கட்டி உதவும்.

பாஸ்தாவை அவிப்பதிலேதான் கவனம் வேண்டும். 4 லீற்றர் நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, 40 கிராம் உப்பிட்டு, பாஸ்தாவைப் போட்டவுடன் நன்றாகக் கிண்டுக. கோதுமைப் பாஸ்தாவிலே குளூட்டன் ஒரு வலைபோல நின்று மாப்பொருளைக் கட்டிப் பிடித்திருக்கும். இதிலே அவ்வலை இல்லை. நேரம் தவறினாற் குழைந்துவிடும்; ஆறினால் விறைத்துவிடும். ஆகவே பொதியிற் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்து, உடனே தக்காளிக் குழம்பிற் சேர்த்துப் பரிமாறவேண்டும். தொடரின் முகப்பிசை தொடங்குமுன்னரே தட்டுகள் மேசைக்கு வந்துவிடவேண்டும் என்பது தமையனார் வீட்டுச் சட்டம். கதை காத்திருக்கும், இப்பாஸ்தா காத்திராது.

இடியப்ப உரலின் அறிவு

குளூட்டன் இன்றி மாவை எவ்வாறு இழையாக நிறுத்துவது? இத்தாலியத் தொழிற்சாலைகள் இதற்கு ஒரு வழி கண்டன. அரிசிமா, சோளமா ஆகியவற்றின் மாப்பொருளை வெப்பமும் நீரும் கொண்டு முன்னதாகவே ஓரளவு வேகச்செய்கின்றனர். வெந்த மாப்பொருள் பசைபோலாகி எஞ்சிய மாவைப் பிணைக்கிறது. இதனை வாசித்தபோது நம் தாய்மார் அரிசிமாவிலே கொதிநீர் விட்டுக் குழைத்து, இடியப்ப உரலிலிட்டுப் பிழிவது என் நினைவுக்கு வந்தது. தத்துவம் ஒன்றே. பச்சைத் தண்ணீரிலே குழைத்தால் இழை அறும் என்பதை எம் பாட்டிமார் எந்த ஆய்வுகூடத்திலும் கற்கவில்லை.

ஆயினும் நம் உணவு யாவும் இந்நோயினர்க்கு உகந்ததென எண்ணிவிடலாகாது. நம் வீடுகளிலே அவித்த கோதுமைமாவிலும் இடியப்பமும் பிட்டும் செய்வதுண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலே கோதுமைமா கலந்திருப்பது வழக்கம். சோயாக் குழம்பிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. ஆகையாற் பொதியின் மேலுள்ளதை வாசித்தறிதல் வேண்டும். குளூட்டன் அற்றது என விற்கப்படும் உணவிலே கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அப்புரதம் இருத்தலாகாது என்பது சர்வதேச வரையறை. மேலும், பிள்ளைக்கு இந்நோய் உண்டென ஐயுறும் பெற்றோர், பரிசோதனை முடியுமுன் கோதுமையை நிறுத்திவிடக்கூடாது. நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையிலே நோய் மறைந்துவிடலாம். முதலில் வைத்தியரை நாடுவதே முறை.

இத்தாலியர் இவ்விடயத்திலே காட்டிய அக்கறை பாராட்டத்தக்கது. உலர்ந்த பாஸ்தா என்றால் வன்கோதுமை றவையினாலேயே ஆகவேண்டும் என்று 1967 இலே சட்டம் இயற்றிய தேசம் அது. அதே தேசம் 2005 இல் இயற்றிய மற்றொரு சட்டத்தினால், பாடசாலை, வைத்தியசாலை, அரச நிறுவனங்கள் ஆகியவற்றின் உணவுச்சாலைகள் கேட்போர்க்குக் குளூட்டன் அற்ற உணவையும் வழங்கவேண்டும் என விதித்தது. நோயாளர் அவ்வுணவை வாங்க மாதந்தோறும் உதவிப் பணமும் உண்டு. நான் நாடு திரும்பிய மறுமாதம், 2023 செப்ரெம்பரிலே, பிள்ளைகள் யாவரிடத்தும் இந்நோயையும் முதலாம் வகை நீரிழிவையும் முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைக்காக இன்னொரு சட்டமும் நிறைவேறியது.

சட்டம் தட்டை நிரப்பும்; தனிமையைப் போக்குவது வீட்டார் கையில் உள்ளது. நம் குடும்பங்களிலும் நீரிழிவால் இனிப்பை விலக்கியவர் இருக்கிறார். ஒவ்வாமையாற் சிலவற்றைத் தொடாத பிள்ளை இருக்கிறது. அவர்களுக்கென வேறு சமைத்து வைப்பது அன்பே. ஆனால் கிழமையில் ஒருநாளாவது, அவர்கள் உண்பதையே எல்லோரும் உண்ணலாமே! அதற்குச் சட்டமும் வேண்டாம், செல்வமும் வேண்டாம். பானையிலே சிறிது கூடுதலாக நீர் வைத்தாற் போதும்.